மங்கிய முகப்பு விளக்கு: தேய்ப்பது பாதி வேலைதான்

காரின் முகப்பு விளக்கு மஞ்சளாகிப் பூத்துப்போய்விட்டதா? ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை தெளிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில்தான் இருக்கிறது. வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். ஊற்றியும் மங்கலாகவே நின்றால் உள்ளே ஈரம் புகுந்திருக்கலாம், அல்லது பிளாஸ்டிக்கின் உள்ளேயே நுண்விரிசல் ஓடியிருக்கலாம். அதை எவ்வளவு தேய்த்தும் பயனில்லை.

அம்பாசிடர், பத்மினி காலத்து உருண்டை விளக்குகளில் இருந்தது அசல் கண்ணாடி. கல் பட்டால் உடையும். வெயிலில் எத்தனை வருடம் நின்றாலும் மஞ்சளிக்காது. இன்றைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1953இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் இதை உருவாக்கினார். அமெரிக்கா 1983இல் விளக்கு விதிகளைத் தளர்த்தியபின் அங்கே கார்களுக்கு வந்தது. எடை குறைவு, கல்லடி தாங்கும், எந்த வளைவிலும் வார்க்கலாம். பெரிய பலவீனம், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். அதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையிலேயே மெல்லிய கெட்டிப் பூச்சு ஒன்று போடுகிறார்கள். முதலில் அழிவது அந்தப் பூச்சு. அது திட்டுத்திட்டாகப் பெயர்ந்ததும் வெயில் நேரே பிளாஸ்டிக்கில் விழுந்து அதன் மூலக்கூறுகளை அறுக்கிறது, மஞ்சள் ஏறுகிறது. வெட்டவெளியில் நிற்கும் காரில் இது சீக்கிரமே நடக்கும்.

பலர் இதை அழகுப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கிறார்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018இல் வெளியிட்ட சோதனையில், இப்படி மங்கிய விளக்குகள் புதியவை தரும் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதத்தையே தந்தன. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. இரவில் புறவழிச்சாலை நடுவே படுத்திருக்கும் மாடும், பின்விளக்கு இல்லாத டிராக்டரும் கண்ணில் பட வேண்டிய தூரத்தைத்தான் இந்த மங்கல் விழுங்குகிறது. வெளிச்சம் போதவில்லை என்று ஹை பீமிலேயே ஓட்டினால், மங்கிய பரப்பில் சிதறும் ஒளி எதிரே வருபவர் கண்ணையும் கூசவைக்கிறது.

இதற்கு வீட்டு வைத்தியமாகப் பற்பசையைச் சொல்வார்கள். அதில் உள்ள மென்மையான அரைப்பொருள் மேலே செத்துப்போன அடுக்கைக் கொஞ்சம் உரசி எடுக்கிறது. அன்றைக்குப் பளபளப்பு வருவது உண்மை. மிச்சமிருந்த பூச்சும் அதோடு தேய்கிறது, புதிதாக எதுவும் அந்த இடத்துக்கு வருவதில்லை. ஆகவே சில வாரங்களில் பழையபடி மங்கும். பெட்ரோல், தின்னர், கொசுவிரட்டித் தைலம் ஆகியவற்றைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். இவை பிளாஸ்டிக்கின் மேல்தோலை இளக்குவதால்தான் நொடியில் மினுமினுப்பு தெரிகிறது. பின்னால் விரிசல் விடும்.

சரியான வழிக்கு ஒரு மதிய நேரம் போதும். விளக்கை ஷாம்பூ போட்டுக் கழுவி, சுற்றியுள்ள பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரில் 800, 1500, 2000, 3000 எண்களை வாங்கி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக்கொள்ளுங்கள். முதலில் 800. கையழுத்தம் சீராக, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்த்தால் மஞ்சள் கலந்த பால்போன்ற நீர் வழியும். அது வெள்ளையாக மாறும்வரை நிறுத்தக் கூடாது. பழைய பூச்சு முழுக்கப் போனதற்கு அதுவே அடையாளம். அவசரப்பட்டு நிறுத்தினால் மிச்சமிருக்கும் திட்டு கடைசிவரை தெரியும். 800-ஐக் கிடைவாட்டில் தேய்த்திருந்தால் 1500-ஐ நெடுக்குவாட்டில் தேயுங்கள்; முந்தைய தாளின் கோடுகள் மறைந்தனவா என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கட்டத்தில் விளக்கு முன்பைவிட மோசமாக, அடித்த சுண்ணாம்பாய் வெளுத்திருக்கும். பயப்பட வேண்டாம். 3000 முடிந்து ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் துணியால் தேய்த்ததும் தெளிவு திரும்பிவிடும். டிரில்லில் பஃப் மாட்டித் தேய்ப்பவர்கள் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும்.

பலரும் இங்கேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். இப்போது உங்கள் விளக்குக்குப் பாதுகாப்பே இல்லை. தேய்ப்பதற்கு முன்பிருந்ததைவிட வேகமாக மஞ்சளிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, புற ஊதா தடுப்பு உள்ள கிளியர் கோட் பூசியே ஆக வேண்டும். வெறும் மெழுகு சில வாரங்களுக்குமேல் தாங்காது. கிளியர் கோட் துடைத்துப் பூசும் திரவமாகவும் கிட்டில் கிடைக்கிறது, கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு அது சுலபம். நீண்ட நாள் உழைப்பது இருகலவை ஸ்ப்ரே. அதில் ஐசோசயனேட் இருப்பதால் மூச்சுக்குக் கேடு; திறந்தவெளியில், ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகமூடி போட்டுத்தான் அடிக்க வேண்டும். துணி மாஸ்க் போதாது. ஒரு நாள் முழுக்க மழையும் தூசியும் படாமல் காரை நிறுத்துங்கள்.

இத்தனை செய்தாலும் புதிய விளக்கின் வெளிச்சம் முழுதாகத் திரும்பாது. மேலே சொன்ன ஏஏஏ சோதனையில், சீராக்கிய விளக்குகள் எட்டியது சுமார் 70 சதவீதம். பகல் ஓட்டமே அதிகம் என்றால் அது போதும். இரவில் நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட்டுபவர் விளக்கையே மாற்றுவது நல்லது. மாற்றியதும் சமதரையில், சுவருக்கு எதிரே காரை நிறுத்தி டிம் வெளிச்சம் விழும் உயரத்தை மெக்கானிக்கிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.