அடுப்பை அணைத்த பிறகுதான் பீர் பிறக்கிறது

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் முடிந்தது. வீட்டில் திராட்சை மது செய்துகொள்ள அனுமதி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான், அடுத்த பிப்ரவரி முதல் அந்தத் தடையை நீக்கியது. வயதுவந்தோர் இருவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை, வரியில்லாமல் காய்ச்சலாம், விற்கக்கூடாது. தமிழ்நாட்டில் உரிமமின்றி வீட்டில் காய்ச்சச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே இந்தக் கட்டுரை அனுமதியுள்ள நாடுகளில் வாழும் வாசகர்களுக்கும், அந்தக் கலையை அறிய விரும்புவோருக்கும்.

புதிதாக இறங்குகிறவர் மால்ட் (முளைகட்டிய தானியம்) சாறு, கசப்பு தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் பொட்டலம், மூடியுள்ள வாளி ஆகியவற்றை வாங்குகிறார். ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட்டைத் தூவி, இரண்டு வாரம் கழித்துப் புட்டியில் அடைக்கிறார். குடிக்க முடிகிறது; ஆனால் கடை பீரின் தெளிவு நாக்கில் இல்லை. உடனே பெரிய பாத்திரம், அரிய ஹாப்ஸ் என்று செலவு செய்கிறார். அந்தப் பணம் வீண். குறை பெரும்பாலும் அடுப்பை அணைத்த பிறகு நடப்பதில்தான் இருக்கிறது.

கொதித்து ஆறிய திரவம் வெறும் இனிப்புச் சாறு. அதிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும் ஈஸ்ட், கூடவே பல மணப்பொருள்களையும் சிறிதளவில் உண்டாக்குகிறது. எவை எவ்வளவு என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது. குளிர்நாட்டில் இட்லி மாவு பொங்க வழி தேடும் நம்மவர்களுக்கு இது தெரிந்த கதைதான். இங்கே கவலை மட்டும் தலைகீழ். ஏல் வகை பீருக்கான பெரும்பாலான ஈஸ்ட்டுகளுக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் ஏற்றது. 25-ஐத் தாண்டினால் தொண்டையைச் சுடும் கன ஆல்கஹால்களும் நகப்பூச்சு நீக்கியின் வாடையும் தலைகாட்டும்.

அறை 20 டிகிரியில் இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். நொதித்தலே வெப்பத்தை வெளியிடும் வினை. முதல் இரண்டு மூன்று நாள்களில் வாளிக்குள் இருப்பது அறையைவிடப் பல டிகிரி சூடாகிவிடும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகளைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். வாளியின் மேல் ஒட்டும் வெப்பமானி ஒன்றை ஒட்டுங்கள். இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு முன்னேற்றம் தரும் வேறு எதையும் நான் அறியேன்.

அடுத்தது பொறுமை. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலையும், பச்சை ஆப்பிள் வாடை தரும் அசிட்டால்டிஹைடையும் ஈஸ்ட்டே உண்டாக்கி, கடைசியில் அதுவே உள்ளிழுத்துச் சரிசெய்கிறது. குமிழி நின்றதும் அவசரப்பட்டு அடைத்தால் அந்த வேலை பாதியில் நிற்கும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே அளவு காட்டினால்தான் நொதித்தல் முடிந்ததாகப் பொருள். அது முடியுமுன் அடைத்த புட்டி வெடிக்கலாம். கண்ணாடிச் சில்லு கண்ணைப் பறிக்கலாம்.

பீர் கெடுவதற்கு நுண்ணுயிரிகளே காரணம் என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் 1876-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கொதிக்கவைத்த பின் சாற்றைத் தொடும் குழாய், கரண்டி, மூடி எல்லாவற்றையும் முதலில் கழுவி, பிறகு கிருமிநீக்கியில் நனைக்க வேண்டும். அழுக்குக்கு மேல் ஊற்றிய கிருமிநீக்கி பயன்தராது. மருந்துக்கட்டு வாடை வந்தால் குழாய்நீரின் குளோரினைச் சந்தேகியுங்கள். அதை நீக்கும் கேம்ப்டன் மாத்திரையில் கால் பங்கு 20 லிட்டர் தண்ணீருக்குப் போதும்.

அடுத்த முறை புதிய செய்முறை தேடாதீர்கள். அதே மால்ட், அதே ஹாப்ஸ், அதே ஈஸ்ட் கொண்டு காய்ச்சி, வெப்பநிலையை மட்டும் கட்டுக்குள் வைத்து, பழைய பீரையும் புதியதையும் அருகருகே வைத்துச் சுவைத்துப் பாருங்கள்.