வாய்ஸ் ஓவருக்குப் புது மைக் வாங்கப் போறீங்களா? ஆர்டர் போடும் முன் அரை நிமிடம் சும்மா இருங்க!

காலர் மைக்கிலோ, மொபைல் இயர்போனிலோ வாய்ஸ் ஓவர் பேச ஆரம்பித்தவர்கள், நாலு காசு கையில் வந்ததும் செய்யும் முதல் வேலை நல்ல மைக் ஒன்றை ஆர்டர் போடுவதுதான். பார்சலைப் பிரித்து, ஆசையாகப் பேசி, ஹெட்போனில் கேட்டால் அதிர்ச்சி. ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு குக்கர் விசில், தெருவில் போகும் காய்கறி வண்டியின் ஸ்பீக்கர் என எல்லாமே முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். ‘காசு போச்சே’ என்று தோன்றும். ஆனால், மைக் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பிரச்சினை பெரும்பாலும் அறையில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு டெஸ்ட்

இப்போது இருக்கும் மைக்கிலேயே 30 விநாடி எதுவும் பேசாமல் பதிவு செய்யுங்கள். பிறகு, செட்டிங்கை மாற்றாமல் 30 விநாடி பேசுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரண்டின் சராசரி அளவையும் (ஆர்எம்எஸ்) பார்க்கலாம்.

எவ்வளவு இருக்க வேண்டும்? ஆடிபிள் நிறுவனத்தின் ஏசிஎக்ஸ் தளம் ஆடியோபுக்குகளுக்கு வைத்திருக்கும் விதியை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். குரலின் சராசரி -23 முதல் -18 டெசிபலுக்குள், உச்சம் -3 டெசிபலைத் தாண்டாமல், பேசாத இடத்தின் இரைச்சல் -60 டெசிபலுக்குக் கீழ் இருக்க வேண்டும். அதாவது, குரலுக்கும் மௌனத்துக்கும் நடுவில் சுமார் 40 டெசிபல் இடைவெளி தேவை.

அந்த இடைவெளி இல்லையென்றால், மௌனப் பதிவை சத்தமாக வைத்துக் கேளுங்கள். ஃபேனை நிறுத்திய பிறகும் சீரான ‘ஸ்ஸ்ஸ்’ மட்டும் கேட்டால் கோளாறு கருவியில். ஏசி உறுமல், வண்டிச் சத்தம் கேட்டால் கோளாறு அறையில். பேசும்போது காலி ஹாலில் பேசுவது போல எதிரொலித்தால், அதுவும் அறையின் வேலைதான்.

கண்டென்சரா, டைனமிக்கா?

கண்டென்சர் மைக்கில் மெல்லிய சவ்வு ஒன்று மின்னேற்றப்பட்ட தகட்டின் அருகே அதிரும். நுணுக்கமான ஒலிகளையும் பிடிக்கும். எக்ஸ்எல்ஆர் வகை என்றால் பெரும்பாலும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் தேவை. டைனமிக் மைக்கில் சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள், காந்தத்துக்குள் அசையும். எடை அதிகம் என்பதால் கூர்மை கொஞ்சம் குறைவு. மேடைகளில் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 இந்த வகைதான்.

‘டைனமிக் வாங்கினா வெளிச் சத்தமே வராது’ என்பது பாதி உண்மைதான். அது எந்தச் சத்தத்தையும் தானாக வடிகட்டுவதில்லை. வாய்க்கு மிக அருகில் வைத்துப் பேசுவதால்தான் அந்த வித்தியாசம். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 40 செ.மீ.யில் இருக்கும் மைக்கை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் லாபம், ஒரு ரூபாய் செலவில்லாமல்! ‘ப’, ‘ஃப’ ஒலிகளில் காற்று மோதாமல் இருக்க ஒரு பாப் ஃபில்டர் போதும். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தாலும் சரி.

விலை கூடினால் இரைச்சல் குறையுமா?

ஒவ்வொரு கண்டென்சர் மைக்குக்கும் சுய இரைச்சல் என்று ஒரு அளவு உண்டு. ஆடியோ டெக்னிகா ஏடி2020க்கு அது 20 டெசிபல். ரோட் என்டி1க்கு வெறும் 4. கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால், இரவில் அமைதியாக இருக்கும் படுக்கையறையிலேயே 30 டெசிபல் அளவுக்குச் சத்தம் இருப்பது சகஜம். அறையே அவ்வளவு சத்தம் போடும்போது, மைக்கின் அமைதிக்குக் கொடுத்த காசு வெளியே தெரியாது.

பாட்காஸ்ட்களில் பார்த்துவிட்டு ஷூர் எஸ்எம்7பி மீது கண் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் தேவை. சாதாரண இன்டர்ஃபேஸில் வால்யூமை முழுசாகத் திருப்பினால், குரலோடு இரைச்சலும் ஏறலாம். மைக் விலையோடு நல்ல இன்டர்ஃபேஸின் விலையையும் கூட்டித்தான் பட்ஜெட் போட வேண்டும்.

யுஎஸ்பி போதுமா?

ஒருவர் மட்டும், ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு யுஎஸ்பி மைக் தாராளமாகப் போதும். வாரத்துக்குப் பல புராஜெக்ட், பின்னாளில் மைக்கை மட்டும் மாற்றும் எண்ணம் என்றால் எக்ஸ்எல்ஆர் நல்லது. இன்டர்ஃபேஸ் அப்படியே இருக்கும், மைக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த வரிசையில் செலவு செய்யலாம்?

* முதலில் இடம்: டைல்ஸ் போட்ட ஹாலைவிட மெத்தையும் துணிமணியும் இருக்கும் படுக்கையறை நல்லது. திறந்த துணி அலமாரியைப் பார்த்து உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் கனமான ரஜாய் ஒன்றைத் தொங்கவிடுங்கள். முட்டை அட்டை ஒட்டுவதால் வெளிச் சத்தம் நிற்காது.
* அடுத்து நேரம்: ஃபேன், ஏசியை நிறுத்திவிட்டு, தெரு அடங்கிய பிறகு பதிவு செய்யுங்கள். வியர்க்கும்தான், பத்து பத்து நிமிடமாகப் பிரித்துப் பேசலாம்.
* பிறகு ஸ்டாண்ட், பாப் ஃபில்டர்.
* கடைசியாக மைக்: இத்தனையும் செய்த பிறகும் ‘ஸ்ஸ்ஸ்’ சத்தமோ, மந்தமான குரலோ மிஞ்சினால், தாராளமாக அப்கிரேட் செய்யலாம். அறை அமைதியாகிவிட்டால் கண்டென்சர். தெருச் சத்தத்தை ஒன்றும் செய்ய முடியாதென்றால், நெருங்கிப் பேச ஒரு டைனமிக்.

புது மைக் வந்ததும் அதே 30 விநாடி டெஸ்ட்டை மறுபடி செய்து, பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். கண்ணை மூடிக் கேட்டால் வித்தியாசம் தெரியவில்லையா? ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடலாம்.