ஒன்றரை அடி விறகு

எங்கள் கடைக் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு குச்சி தொங்குகிறது. சவுக்குக் குச்சி. கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பாகி, புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. அதன் மொத்த நீளம் மூன்றடி. ஒன்றரை அடியில் ஒரு வெட்டு, இரண்டடியில் இன்னொரு வெட்டு. 1971இல் பண்ருட்டியில் விறகுக்கடை போட்டபோது அப்பா கத்தியால் செதுக்கிய அளவுக்குச்சி அது. ஒன்றரை அடி வீட்டு அடுப்புக்கு, இரண்டடி டீக்கடைக்கும் ஓட்டலுக்கும், மூன்றடி கல்யாணச் சமையலின் கோட்டை அடுப்புக்கு. வேறு நீளத்தில் ஒரு கட்டை, அடுக்கி வைத்த அட்டிக்குள் போய்விட்டால், அப்பா அதை உருவி வெளியே போட்டுவிடுவார்.

சின்ன வயதில் எனக்கு அது வெறும் பிடிவாதமாகத் தெரிந்தது. எரியப்போகிற கட்டைக்கு அளவு எதற்கு? 1994இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான் கல்லாவில் உட்கார்ந்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு விறகுக்கடை எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பதில் சொல்ல நேரமில்லை. லாரி வாசலில் நின்றது. அந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதன் அருமை எனக்குப் புரிய பல வருடங்கள் ஆயின.

ஒன்றரை அடி என்றால் ஒரு முழம். அடுப்படியில் உட்கார்ந்து சமைக்கிறவளின் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. கேஸ் அடுப்பில் தீயைக் கூட்டவும் குறைக்கவும் திருகு இருக்கிறது. விறகடுப்பில் விறகேதான் திருகு. உலை கொதிக்கும்வரை உள்ளே தள்ள வேண்டும், சோறு கொதித்து அடங்கும்போது வெளியே இழுக்க வேண்டும். அதற்குக் கட்டையில் பாதி அடுப்புக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் முழுதும் உள்ளே விழுந்துவிடும், பிறகு தீ நம் பேச்சைக் கேட்காது. நீளமாக இருந்தால் வெளிமுனையின் பாரத்தில் உள்முனை எழும்பும், நடக்கிற குழந்தையின் காலிலும் இடறும். ஒரே நீளமும் ஒரே பருமனும் உள்ள மூன்று கட்டைகளை வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றாகப் பற்றும், ஒன்றாகத் தணலாகும். அம்மா ஊதுகுழலைத் தொடாமலே ஒரு வேளைச் சமையலை முடிப்பாள்.

நீளத்தை ரம்பம் தீர்மானிக்க வேண்டும், பருமனைக் கோடாலி தீர்மானிக்க வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. மரத்தைக் கிடத்தி, குச்சியை வைத்துக் கரித்துண்டால் கோடு போட்டு, இருவர் இழுக்கிற ரம்பத்தால் அறுப்பார்கள். அவசரத்துக்குக் கோடாலியால் குறுக்கே வெட்டுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் ஆப்பு வடிவத்தில் ஒரு பள்ளம் எடுக்க வேண்டியிருப்பதால், அதில் நல்ல மரமெல்லாம் சிராயாகப் போய்விடும். கட்டையின் முனையும் கூராக நிற்கும், அடுக்கினால் உட்காராது. இப்போது எங்களிடம் மோட்டார் ரம்பம் இருக்கிறது. கரிக்கோடு மட்டும் மாறவில்லை.

அறுத்த துண்டைப் பிளப்பது தனி வித்தை. எங்கள் கடையில் முப்பது வருடம் கோடாலி பிடித்த அண்ணன் ஒருவர் இருந்தார். என்னை இன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். கட்டையை நிறுத்தி அதன் தலையை ஒரு நிமிடம் பார்ப்பார். "பாப்பா, வெடிப்பு எங்கே ஓடுதுன்னு பாரு. மரமே வழி சொல்லும். கணு மேல போட்டா கோடாலிதான் எகிறும்" என்பார். நார் நேராக ஓடும் மரத்தை அடித்தால் போதும், வாய் திறக்கும். புளியங்கட்டை அப்படியில்லை, அதன் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கும். இரும்பு ஆப்பை இறக்கிச் சம்மட்டியால் அடித்தாலும் முனகிக்கொண்டுதான் பிளக்கும். கறிக்கடைக்காரர்கள் வெட்டுவதற்குப் புளியங்கட்டையைத் தேடி வாங்குவது அதனால்தான். சவுக்கைப் பச்சையாக இருக்கும்போதே உடைத்துவிட வேண்டும், காய்ந்தால் இரும்பு.

சவுக்கு இந்த மண்ணின் மரமில்லை. ரயில் இன்ஜின்கள் விறகில் ஓடிய 19ஆம் நூற்றாண்டில், அந்த விறகுக்காகவே சோழமண்டலக் கடற்கரையின் மணலில் நட்டு வளர்த்த மரம். வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிரியின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு, வேறெதுவும் நிற்காத மணலில் நான்கைந்து வருடங்களில் வெட்டுக்கு வந்துவிடுகிறது. கனமான மரம், தணல் நின்று எரியும். கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு விறகு என்றால் முதலில் சவுக்கு, பிறகு முந்திரி.

இனி ஈரத்துக்கு வருகிறேன். இந்தத் தொழிலின் நேர்மையும் நேர்மைக்கேடும் இதில்தான் இருக்கின்றன.

புதிதாக வெட்டிய பல மரங்களில் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். நம் ஊரில் விறகு எடைக்கு விற்கிறது. ஒரு டன் பச்சை விறகில் 500 கிலோ மரம், 500 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்து ஈரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போது அதே விறகு 625 கிலோதான் நிற்கும். காயவைத்து விற்கிற கடைக்காரனுக்கு டன்னுக்கு 375 கிலோ காற்றில் போகிறது. பச்சையாக விற்கிறவனுக்கு எதுவும் போவதில்லை. விற்பதற்கு முதல் நாள் இரவு தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிற கடையையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வாங்கிப் போனவளுக்கு என்ன ஆகிறது? ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூடு உலைக்குப் போக வேண்டியது. ஈரம் போகும்வரை அடுப்பில் தீ நிற்காது, புகைதான் வரும். சமையலறைப் புகையாலும் அது போன்ற வீட்டுக்காற்று மாசாலும் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. காய்ந்த விறகும் புகையும், அது நஞ்சில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஈர விறகின் புகைக்கு முன்னால் அது பாதிகூட இல்லை என்பதை அடுப்படியில் உட்கார்ந்தவள் எவளும் சொல்வாள். அப்பா காய்ந்த விறகை மட்டும் தராசில் ஏற்றினார், மற்ற கடைகளைவிட விலை கூட்டிச் சொன்னார். பேரம் பேசிவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் அடுத்த மாதம் திரும்பி வந்தார்கள்.

காயவைக்க வெயில் போதாதா என்று கேட்கலாம். போதாது. மரத்துக்குள் ஈரம் நார் ஓடுகிற திசையில் நகரும் வேகம், குறுக்கே நகரும் வேகத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். பட்டை வழியாக வெளியே வருவது இன்னும் மெதுவு. அதனால் ஈரம் முக்கியமாக வெட்டுமுனை வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆறடிக் கட்டையின் நடுவில் இருக்கும் ஈரம் மூன்றடி நடந்தால்தான் வாசலைப் பார்க்கும். அதையே நாலு துண்டாக, ஒன்றரை அடியாக அறுத்தால், முக்கால் அடிக்குமேல் எந்த ஈரமும் நடக்க வேண்டியதில்லை. இரண்டு வாசல் இருந்த இடத்தில் எட்டு வாசல். பிளந்தால் பட்டை மூடாத பக்கமும் திறந்துகொள்ளும். இவ்வளவையும் ஒரே அளவில் செய்தால் அட்டி முழுதும் ஒரே சமயத்தில் காயும். கலந்து கிடந்தால் மெலிந்தது சில வாரத்தில் காய்ந்திருக்கும், பருத்தது பல மாதம் ஆகியும் உள்ளே நசநசக்கும். இரண்டும் ஒரே தட்டில் ஏறி ஒரே வீட்டுக்குப் போகும்.

அட்டி போடுவதைப் பார்க்க எளிதாகத்தான் இருக்கும். முதலில் கருங்கல் வைத்து, அதன்மேல் நீளக் கழிகளைக் கிடத்த வேண்டும். தரைக்கும் முதல் வரிசைக்கும் ஒரு சாண் இடைவெளி, கரையானுக்காகவும் மழைத் தண்ணீருக்காகவும். அட்டி வடக்கு தெற்காக ஓட வேண்டும். அப்போது கட்டைகள் கிழக்கு மேற்காகக் கிடக்கும், வெட்டுமுனைகள் மேற்கைப் பார்க்கும். ஆனி ஆடியில் அடிக்கிற மேல்காற்று கட்டைகளின் இடுக்கில் நுழைந்து மறுபக்கம் போய்விடும். இரண்டு கோடியிலும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வைத்துத் தூண்போல எழுப்பினால் நடுவில் உள்ளது சரியாது. நீளம் ஒன்றாக இல்லாவிட்டால் இந்தத் தூண் நிற்காது. உயரம் நெஞ்சுக்கு மேல் போகக் கூடாது. மேலே ஓலையோ தகரமோ போட வேண்டும், பக்கங்களை மூடவே கூடாது. தார்ப்பாயால் முழுதும் போர்த்துகிறவர்கள் விறகைத் தன் ஈரத்திலேயே வேகவைக்கிறார்கள்.

அளவாக அடுக்கிய அட்டிக்கு இன்னொரு நன்மை, எண்ணாமலே கணக்குத் தெரியும். பத்தடி நீளம், நாலடி உயரம், ஒன்றரை அடி அகலம் என்றால் 60 கன அடி. அதில் மரம் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். மீதி காற்று. பிரான்சில் 1795இல் மெட்ரிக் அளவைகளை வகுத்தபோது விறகுக்கென்றே 'ஸ்டேர்' என்று ஓர் அளவு வைத்தார்கள். ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் ஒரு ஸ்டேர். அதே கட்டைகளைப் பாதிப் பாதியாக அறுத்துத் திரும்ப அடுக்கினால் அட்டி முக்கால் சொச்சத்துக்குச் சுருங்கிவிடும் என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். மரம் குறைவதில்லை, குட்டையான துண்டில் கோணல் குறைகிறது, இடுக்கும் குறைகிறது. கோணல்மாணலான முந்திரிக் கிளையை அறுத்து அடுக்கிய எங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

முந்திரி என்றதும் எனக்கு 2011 டிசம்பர் 30 நினைவுக்கு வருகிறது. அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தாத்தா வைத்த பலாமரத்தின் தூரில் உட்கார்ந்து அழுத விவசாயிகளைப் பார்த்தேன். மிருதங்கத்துக்கும் வீணைக்கும் போகிற பலாக்கட்டையை ஆசாரிகளும் வியாபாரிகளும் எடுத்துப் போனார்கள். முந்திரி எங்கள் கடைக்கு வந்தது. ஒரு நாளைக்கு நாலு லாரி, ஐந்து லாரி. விலை தரையில் கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை. அறுக்காமல், பிளக்காமல், வந்தது வந்தபடி மலையாகக் குவித்தேன். முன் வாசல் ஓரம் இருந்த நாலு அட்டி மட்டும் அண்ணன் தன் கையால் அளவு பார்த்து அறுத்து அடுக்கினார். "பாப்பா, குச்சியை மறந்துட்டியே" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால் குவியலைப் பிரித்தோம். மேலே இருந்தது எலும்பாகக் காய்ந்திருந்தது. கை நுழைந்த ஆழத்துக்குக் கீழே எல்லாம் வெள்ளைப் பூஞ்சை, அடியில் கரையான். நடுவில் தேள் குடும்பம் குடும்பமாக இருந்தது. பாதிக்கு மேல் விறகு குப்பையாகப் போயிற்று. தவறு முழுக்க என்னுடையது. அண்ணனின் நாலு அட்டியும் ஆவணியிலேயே கல்யாண வீடுகளுக்கு விற்றுப்போயிருந்தன.

2007இல் அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கிய பிறகு வீட்டு விறகு குறைந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை, பெண்களின் நெஞ்சுக்கூடு தப்பியது. நேரான சவுக்கு சாரத்துக்கும் பந்தலுக்கும் போகிறது, கரூர் காகிதபுரத்து ஆலைக்கும் போகிறது. எங்களுக்கு வருவது கோணல் கட்டையும் வேர்க்கட்டையும் மிளாரும்தான். ஆனாலும் பிரியாணிக் கடை, கல்யாண மண்டபம், சிலிண்டர் தீர்ந்தால் திரும்ப வாங்க முடியாத வீடு என்று விறகு கேட்டு வருகிறவர்கள் நிற்கவில்லை. ஒன்றரை அடி அட்டியை நான் இன்னும் எடுக்கவில்லை.

நீங்கள் விறகு வாங்கப் போனால் தராசுக்கு முன் நிற்பதற்கு முன்னால் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்ததென்றால் ணங்கென்று கேட்கும், ஈரமென்றால் தொப்பென்று விழும். வெட்டுமுனையைப் பாருங்கள், நடுவிலிருந்து கதிர்போல வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை விரலால் தள்ளினால் பெயர வேண்டும். இல்லையென்றால் காய்ந்ததைக் கேளுங்கள், அல்லது தண்ணீரின் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.