தொரட்டி இருக்க மரம் ஏறுவானேன்?

மாசி, பங்குனியில் புளி உலுக்கு. சித்திரை பிறந்தால் மாங்காய். முருங்கைக்காயும் தேங்காயும் வருடம் பூராவும். அழகர்கோவில், நத்தம், சோழவந்தான், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருவர் மரத்தின் மேல் இருப்பார். நகருக்குள்ளும் அப்படித்தான். கொல்லையில் ஒரே ஒரு முருங்கை நின்றாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடும்பத் தலைவர் ஏறிவிடுவார்.

பனையும் தென்னையும்தான் ஆபத்து, மற்ற மரங்கள் விளையாட்டு என்பது நம் எண்ணம். அடிபட்டு வருகிறவர்கள் சொல்வதோ வேறு. "சும்மா பத்தடிதான் சார் இருக்கும்..." என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள்.

அந்தப் பத்தடியைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? 10 அடி உயரத்திலிருந்து விழுகிறவர் முக்கால் விநாடிக்குச் சற்று மேலான நேரத்தில் தரைக்கு வந்துவிடுகிறார். அப்போது அவர் உடம்பின் வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். கையை ஊன்றலாம், திரும்பி விழலாம் என்று யோசிக்கவே நேரம் கிடையாது. காலை ஊன்றி விழுந்தால் குதிகால் எலும்பு நொறுங்கும். அதே அதிர்ச்சி மேலே ஏறி முதுகெலும்பைத் தாக்கும். நெஞ்சுப் பகுதி எலும்பு முடிந்து இடுப்புப் பகுதி தொடங்குகிற இடம்தான் அதிகம் நசுங்குவது. அதனால் குதிகால் வலி என்று வருகிறவரிடமும் "இடுப்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்க வேண்டும்.

பாறை ஏறுகிறவர்களின் கம்பு

கர்நாடகத்தில் பாதாமி என்று ஓர் ஊர். குகைக் கோயில்களுக்குப் பேர் போனது. அங்கே செங்குத்தான மணற்பாறைகளில் இளைஞர்கள் விளையாட்டாக ஏறுகிறார்கள். பாறையில் ஏற்கெனவே இரும்பு வளையங்கள் அடித்திருக்கும். ஒவ்வொரு வளையத்திலும் கயிற்றை மாட்டிக்கொண்டே மேலே போக வேண்டும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக இந்தப் பாறையேற்றமும், செயற்கைச் சுவரில் ஏறும் போட்டியாக இடம்பெற்றது.

இதில் ஒரு சிக்கல். முதல் வளையத்தில் கயிற்றை மாட்டுகிற வரைக்கும் அந்தக் கயிறு காப்பாற்றாது. அதற்குள் கை வழுக்கினால் நேரே தரைதான். இதற்காக அவர்கள் வைத்திருக்கும் கருவியின் பெயர் ஸ்டிக் கிளிப். நீளமான கம்பு, நுனியில் ஒரு பிடிப்பான். தரையில் நின்றபடியே முதல் வளையத்தில் கயிற்றை மாட்டிவிட்டு, அதன் பிறகுதான் காலைத் தூக்குகிறார்கள். ஏறுவதையே விளையாட்டாக வைத்திருப்பவர்கள்கூட, தரையில் நின்று முடிக்கக்கூடியதைத் தரையிலேயே முடிக்கிறார்கள்.

நம்மிடம் இது தலைமுறை தலைமுறையாக இருக்கிறதே! கிடை ஆடு மேய்க்கிறவர் தோளில் சாத்தியிருக்கும் தொரட்டிதான் அது. கருவேலங்காய் உலுக்கவும் கிளை வளைக்கவும் அவர் மரத்தில் ஏறுவதில்லை. நாம்தான் அதை மூலையில் போட்டுவிட்டு மரத்தைப் பிடித்துத் தொங்குகிறோம்.

எப்படிப்பட்ட தொரட்டி?

முதலில் நீளம். கையைத் தூக்கி நின்றால் பிடிக்கும் இடம் தரையிலிருந்து 6 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய் 16 அடியில் இருந்தால் 10 அடிக் கம்பு எட்டும். சாய்த்துப் பிடிப்பதால் கொஞ்சம் குறையும். எனவே 12 அடி வாங்கலாம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று 25 அடி வாங்காதீர்கள். நீளம் கூடக்கூட நுனிக் கனம் தோளையும் கழுத்தையும் இழுக்கும். கடையிலேயே கம்பை நிமிர்த்தி இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். கை நடுங்கினால் அது உங்களுக்கான கம்பு அல்ல.

அடுத்து, எதனால் செய்தது என்று பாருங்கள். உயிர் போகிற விஷயம் இதுதான். அலுமினியக் குழாய் இலேசாக இருக்கும், மடக்கி நீட்டலாம். ஆனால் மின்கம்பியில் உரசினால் ஒரு நொடியில் ஆளை முடித்துவிடும். இரும்புக் குழாயும் அப்படியே. "மூங்கில்தானே, ஷாக் அடிக்காது" என்பதும் தப்பு. பச்சை மூங்கிலும் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி இழைக் கம்பு, காய்ந்து சுத்தமாக இருக்கும்வரை இவற்றைவிட மேல். அதை நம்பியும் கம்பிப் பக்கம் போகக் கூடாது.

எந்தக் கம்பாக இருந்தாலும் அதன் நுனிக்கும் தெரு மின்கம்பிக்கும் குறைந்தது 10 அடி இடைவெளி வேண்டும். மரக்கிளை கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த மரத்தையே தொடாதீர்கள். மின்வாரியத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். கிளையை வெட்ட வேண்டியது அவர்கள் வேலை.

மூன்றாவது நுனி. முருங்கைக்கும் புளிக்கும் கொக்கி போதும். கிளையை வளைத்தோ உலுக்கியோ எடுக்கலாம். மாங்காய்க்கு நுனியில் வலைப்பை கட்டியது நல்லது. காயும் அடிபடாது, காம்புப் பாலும் முகத்தில் தெறிக்காது. மாம்பால் பட்ட தோல் வெந்து புண்ணாகும். பட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். அரிவாள் கட்டிய தொரட்டி என்றால் ஒவ்வொரு முறையும் கட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். வேலை முடிந்ததும் சாக்கைச் சுற்றிப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

காய்க்கு நேர் கீழே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் தூசி விழுந்தால் கசக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தலைசுற்றல், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் அண்ணாந்து பார்க்கும் இந்த வேலையை வீட்டில் இளையவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது. மற்றவர்களும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தாழ்த்தி ஓய்வு கொடுங்கள். மாலையில் தோள் கடுத்தால் நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுங்கள்.

வேப்பம்பூவுக்குத் தொரட்டிகூட வேண்டாம். மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்தால் போதும், காலையில் தானே சேர்ந்திருக்கும்.

உயரமான தென்னைக்குத் தொரட்டி எட்டாதே என்பீர்கள். உண்மைதான். அதற்குப் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மர நண்பர்கள்' என்ற திட்டம் தொடங்கி, கருவி மூலம் ஏற இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. கருவி வந்தாலும் இடுப்புப் பட்டை இல்லாமல் ஏறவிடாதீர்கள். முருங்கையில் மட்டும் யாருமே ஏற வேண்டாம். பருத்திருக்குமே தவிர, பலமில்லாத மரம். முன்னறிவிப்பே இல்லாமல் முறியும்.

விழுந்துவிட்டால்?

முருங்கையிலிருந்து விழுந்த ஒருவரை ஏழு மாதம் கழித்து என்னிடம் கொண்டு வந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. விழுந்தவுடன் நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்திருக்கிறார்கள். தூக்கியவர்கள் எல்லாம் பாசக்காரர்கள். விழுந்ததில் எவ்வளவு கெட்டது, தூக்கியதில் எவ்வளவு கெட்டது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே, உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் இரு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். "கால் விரலை அசைங்க, தொடுறது தெரியுதா?" என்று கேளுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். 108-க்குப் போன் செய்யுங்கள். மின்சாரம் தாக்கி விழுந்திருந்தால் கம்பும் கம்பியும் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் கிட்டே போகாதீர்கள்.

இதை ஒரு சித்த மருத்துவனாகவே சொல்கிறேன். உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் பற்றுப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது நம் மரபு. வர்மத் தடவலும் நம் மரபுதான். ஆனால் எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து முதுகெலும்பு உறுதியாக இருக்கிறது என்று தெரியும்வரை எண்ணெய் தடவக் கூடாது, நீவக் கூடாது, சுளுக்கு எடுக்கக் கூடாது. முறிந்த எலும்பின் சில்லு ஒன்று நகர்ந்தால் நரம்புத் தண்டு போய்விடும். முதலில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போல எலும்பு, நரம்பு சிகிச்சைப் பிரிவுகள் உள்ள இடம். அவர்கள் சரி என்ற பிறகு, வலிக்கும் பலவீனத்துக்கும் எங்களிடம் வாருங்கள், பார்த்துக்கொள்கிறோம்.

இந்தச் சித்திரையில் ஏணியைத் தேடுவதற்கு முன்னால் பரணில் கிடக்கும் தொரட்டியை எடுத்துக் கட்டைச் சரி பாருங்கள். எட்டாத உயரத்தில் நாலு மாங்காய் மிஞ்சுகிறதா? இருக்கட்டுமே. கிளிக்கும் அணிலுக்கும் பசிக்காதா என்ன?