பேராசையும் வெஃகலும்

பேராசை யாதெனக் கேட்டால், பெரிய ஆசையே பேராசை என்று பள்ளிச் சிறுவனும் விடை பகர்வான். ஆயின், ஆசை பெரிதாவது மட்டும் குற்றமாகுமா? கடலளவு கல்வியை விழைபவனைப் பேராசைக்காரன் என்று எவரும் இகழ்வதில்லை. அச்சொல் ஆசையின் அளவைக் கூறுகிறதேயன்றி அதன் குற்றத்தைக் கூறவில்லை என்பது என் கருத்து.

வடமொழியினின்று வந்த 'உலோபம்' வேறு வழி சென்றது. அதன் வேராகிய 'லுப்' விரும்புதலைக் குறிக்கும். ஆங்கிலேயர் அன்பிற்கு வழங்கும் 'லவ்' என்னும் சொல்லும் அதற்கு உறவென்பர் மொழிநூலார். பௌத்த நூல்கள் தீமையின் மூன்று வேர்களுள் ஒன்றாக உலோபத்தை எண்ணும். தமிழிலோ, 'உலோபி' என்பது ஈயாதவனை மட்டும் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிற்று.

வள்ளுவர் ஆண்ட சொல் இன்னொன்று. துறவிக்கு 'அவா அறுத்தல்' வகுத்த அவர், இல்லறத்தானுக்கு 'வெஃகாமை' என்னும் அதிகாரத்தை வகுத்தார். பிறர்க்குரிய பொருளைக் கவர விரும்புதலே வெஃகல். எவ்வளவு என்று கேளாமல், எவருடையது என்று கேட்கும் சொல் இது.

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தின் அண்மைக்கால வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வேறுபாடு எனக்குத் தெளிவாகிறது. 1980களிலும் 1990களிலும் சிலாபம் தொடங்கிப் புத்தளம் வரை இறால் பண்ணைகள் பெருகின. கண்டற் காடுகள் பல அழிந்து குளங்களாயின. ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து நீரை எடுத்த பண்ணைகள், கழிவு நீரையும் அதிலேயே விட்டன. ஒருவன் கழித்த நீரே அடுத்தவன் குளத்திற் புகுந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது, நோய்க்கும் அந்நீரே வழியாயிற்று. பண்ணைகள் பல பாழாயின.

பொருளீட்ட விரும்பியதை நான் குறைகூறேன். கண்டலும் களப்பும் கால்வாயும் பொதுச் சொத்து. வலை வீசும் மீனவனுக்கும் இனிப் பிறக்கும் குழந்தைக்கும் அவற்றிற் பங்குண்டு. அப்பங்கை மறந்து தமதே போல் ஆண்டதுதான் வெஃகல். பின்னாளில் கரையோரத்தை வலயங்களாகப் பிரித்து, முறைவைத்து இறால் வளர்க்கும் ஏற்பாடு வந்தது. ஆதாயத்தின் மீதுள்ள ஆசை அதனால் அற்றுப்போகவில்லை. அயலானின் உரிமை கணக்கிற் சேர்ந்தது. முறைவைத்து வயலுக்கு நீர் பாய்ச்சிய நம் முன்னோர்க்கு இது புதிதன்று.

வெஃகல் என்னும் சொல் இன்று ஏட்டளவில் உறங்குகிறது. பேராசை தீதென்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், இச்சொல்லையும் உடன் கற்பிப்பாராக. ஒன்றை விரும்பும்போது, இது எவருடையது என்று கேட்டுப் பார்க்கும் வழக்கம் அவர்களிடமாவது வளரட்டும்.