ஒரு மாதம், ஒரு தலைப்பு

ஆசையாகப் பத்துப் புத்தகம் எடுத்து, ஒன்றையும் முடிக்காமல் வைத்துவிடுகிறோம். மாதத்துக்கு ஒரு தலைப்பு, இரண்டே புத்தகம் என்று வைத்துப் பாருங்கள். இம்மாதத் தலைப்பு ‘கல்வி’ என்று கொள்வோம்.

முதல் வாரம்: தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988). ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை எதிர்த்த ஒரு முஸ்லிம் ஊரை, அந்த மக்களில் ஒருவராக நின்று எழுதினார்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004). வீட்டுக்குள் முடங்கிய பெண்களின் கதை. சல்மாவின் படிப்பும் பள்ளிப் பருவத்திலேயே நிறுத்தப்பட்டதுதான். பெரிய நாவல், பெரியவர்களுக்கு உரியது. பக்கங்களை நாள் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அமைதி இல்லையா? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் உண்டு. அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகத்தில் உறுப்பினரானால் புத்தகத்தை வீட்டுக்கே எடுத்து வரலாம்.

நான்காம் வாரம் புத்தகம் வேண்டாம். வீட்டிலுள்ள பாட்டியிடம் எத்தனையாவது வரை படித்தார், ஏன் நின்றது என்று கேளுங்கள். அதைப் பேத்தி ஒரு பக்கம் எழுதட்டும். அவள் படிப்பு நிற்கக் கூடாது என்பதை அதன்பின் வீட்டில் யாரும் எடுத்துச் சொல்லத் தேவையிருக்காது, இன்ஷா அல்லாஹ்.