மனச்சோர்வை மறைத்துக்கொண்டு பறக்க வேண்டாம்

தாமதமாக வருகிறார்கள்

மனச்சோர்வு பிடித்த விமானி "மனசு சரியில்லை, டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு என் கிளினிக்குக்கு வருவதில்லை. தூக்கம் வரவில்லை, நெஞ்சு எரிகிறது, கழுத்து வலி விடமாட்டேன் என்கிறது என்றுதான் வருகிறார். அதுவும் உடனே வருவதில்லை. மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, மருந்துக்கடையில் மாத்திரைகளை மாற்றி மாற்றி வாங்கிப் போட்டு, வீட்டில் இருப்பவர்கள் பயந்துபோய் இழுத்து வந்த பிறகுதான் வருகிறார். என்ன வேலை என்று கேட்டால் "கம்பெனியில்" என்று மழுப்புகிறவர்களும் உண்டு. டெங்கில், சிப்பாங் வட்டாரத்தில் விமான நிலையத்தை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். விமானியும் அவர்களில் ஒருவர்தான். சீருடையும் சம்பளமும் வேறு, உடலும் மனமும் வேறல்ல.

கோவிட் விட்டுச் சென்றது

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அந்த ஆண்டு உலக விமானப் பயணம் 2019-ஐக் காட்டிலும் ஏறக்குறைய 66 விழுக்காடு சரிந்தது. முதலில் சம்பள வெட்டு, பிறகு சம்பளமில்லா விடுப்பு, கடைசியில் ஆட்குறைப்பு. வங்கிகள் அந்த ஆண்டு கடன் தவணைக்குக் கொடுத்த பொது அவகாசம் ஆறு மாதம்தான். விமானப் பயிற்சிக்காக வாங்கிய லட்சக்கணக்கான ரிங்கிட் கடனோ பல ஆண்டுகளுக்கு நீள்வது. வேலை இழந்த கேப்டன் ஒருவர் சுபாங் ஜெயாவில் வெள்ளைச் சீருடையும் தொப்பியுமாக நின்று கறி மீ விற்ற படத்தை நாடே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, எல்லாரும் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்கள் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். போலீஸ் கணக்குப்படி இந்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 2020-இல் 631 பேர். 2021-இல் 1,142 பேர்.

2022 ஏப்ரல் 1-இல் எல்லைகள் திறந்தன, விமானங்கள் நிரம்பின, வேலையும் திரும்பக் கிடைத்தது. பிறகு என்ன கவலை என்று கேட்கலாம். விமானிகளின் மனச்சோர்வு கோவிட்டோடு வந்ததல்ல. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட உலகளாவிய கணக்கெடுப்பில், பெயர் சொல்லாமல் பதிலளித்த ஏறத்தாழ 1,850 பயணிகள் விமான விமானிகளில் 12.6 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கான வரம்பைத் தொட்டிருந்தார்கள். 4.1 விழுக்காட்டினருக்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. பெருந்தொற்றுக்கு நான்கு ஆண்டு முந்தைய நிலை இது. ஏற்கெனவே மறைத்துப் பழகியவர்களுக்கு, மறைக்க இன்னும் வலுவான காரணத்தைக் கோவிட் கொடுத்துவிட்டது. ஒரு வேலைக்குப் பத்துப் பேர் காத்திருக்கும்போது, மருத்துவக் கோப்பில் ஒரு கறை விழ யார் சம்மதிப்பார்? 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 3,765 விமானிகளில் 56 விழுக்காட்டினர், மருத்துவச் சான்றிதழ் பறிபோகும் என்ற பயத்தால் சிகிச்சையைத் தவிர்த்ததாகவோ உண்மையை மறைத்ததாகவோ ஒப்புக்கொண்டார்கள். என் வாதம் இதுதான்: ஆபத்து நோயில் இருப்பதைவிட அதை மறைப்பதில்தான் அதிகம்.

இவற்றை நம்பாதீர்கள்

"விமானிக்கு மனோதிடம் அதிகம், அவருக்கெல்லாம் இது வராது" என்பது முதல் தவறு. இயந்திரம் பழுதானால் பதறாமல் இருக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். வேலை போனால், கடன் கழுத்தை நெரித்தால், இரவும் பகலும் மாறி மாறித் தூக்கம் கெட்டால் மூளையின் வேதிப்பொருள்கள் சீராக இருக்க எந்தப் பயிற்சியும் இல்லை. பதற்றத்தை முகத்தில் காட்டாத திறமை, நோயை வீட்டாரிடமிருந்தும் மறைக்கத்தான் உதவுகிறது.

"மாத்திரை எடுத்தால் உரிமம் போனது போனதுதான்" என்பது அடுத்தது. இது அரைகுறை உண்மை, அதனால்தான் அதிகக் கெடுதல் செய்கிறது. நோய் தீவிரமாக இருக்கும்போதும் மருந்து தொடங்கிய காலத்திலும் பறக்க முடியாது, பறக்கவும் கூடாது. ஆனால் கதவு நிரந்தரமாக மூடப்படுவதில்லை. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளே, மருந்து எடுத்துக்கொண்டு நிலைப்பட்டவரைத் தனித்தனியாக ஆராய்ந்து முடிவு செய்ய இடம் தருகின்றன. அமெரிக்கா 2010-இல் நான்கு மனச்சோர்வு மருந்துகளை நிபந்தனையோடு அனுமதித்தது. அதற்கும் முன்பே அனுமதித்த ஆஸ்திரேலியாவின் பத்தாண்டுத் தரவை அலசி 2007-இல் வெளியான ஆய்வு, மருந்து எடுத்த விமானிகளுக்கும் எடுக்காதவர்களுக்கும் விபத்து விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் நேரில் கேளுங்கள். ஓய்வறைப் பேச்சை நம்பி வாழ்க்கையை முடிவு செய்யாதீர்கள்.

"அந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோம்" என்ற பயமும் பரவலாக உண்டு. தூக்க மாத்திரையையும் மனச்சோர்வு மருந்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் பயம் இது. மனச்சோர்வு மருந்து போதை தருவதில்லை. வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது, அவ்வளவே. செய்வினை, கண்ணேறு என்று தாயத்துக் கட்டி மாதங்களைக் கடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கோயிலுக்குப் போங்கள், நேர்த்திக்கடன் வையுங்கள், யாரும் தடுக்கவில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

2014-இல் காணாமல் போன எம்எச்370 விமானத்தை உடனே இழுத்துவந்து "விமானிக்கு மனநோய்" என்று தீர்ப்புச் சொல்வதும் வேண்டாம். 2018 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை, காரணத்தை உறுதிப்படுத்த முடியவில்லை என்றே முடித்தது. ஊர் வாயின் இந்தத் தீர்ப்புகள், இன்று வேலையில் இருக்கும் விமானியின் வாயைத்தான் அடைக்கின்றன.

தானாக மருந்து எடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் இது நிற்பதில்லை. தூக்கம் வரவில்லை என்று சளி மாத்திரையைப் போடுகிறார்கள். மைத்துனருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையைக் கடன் வாங்குகிறார்கள். இரவில் இரண்டு பெக். சளி, அலர்ஜி மாத்திரைகளின் மயக்கம் மறுநாள் காலை வரை நீளும். அமெரிக்காவில் விபத்துகளில் இறந்த விமானிகளின் உடலில், செயல்திறனைக் குறைக்கும் மருந்துகளில் அதிகம் காணப்பட்டது இந்த வகைதான். அவர்களில் பெரும்பாலோர் சிறு விமானம் ஓட்டியவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மதுவோ தூக்கத்தைக் கொடுப்பதுபோல் கொடுத்து, பின்னிரவில் பறித்துவிடும். 2023 அக்டோபரில் அமெரிக்காவில், பணியில் இல்லாமல் விமானி அறையில் கூடுதல் இருக்கையில் பயணம் செய்த விமானி ஒருவர், பறக்கும்போதே இயந்திரங்களை நிறுத்தும் கைப்பிடிகளை இழுக்க முயன்றார். உடனிருந்தவர்கள் தடுத்ததால் எல்லாரும் பிழைத்தார்கள். நண்பரின் மரணத்துக்குப் பிறகு மனச்சோர்வில் இருந்தவர் அவர். உரிமத்துக்குப் பயந்து சிகிச்சைக்குப் போகாமல், இரண்டு நாளுக்கு முன் போதைக் காளான் சாப்பிட்டிருந்தார்.

"அப்படிப்பட்டவரை நம்பி எப்படி ஏறுவது?"

பயணிகளின் இந்தக் கேள்வி நியாயமானது. 2015 மார்ச் 24-இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி மலையில் மோதவிட்டதில் 150 பேர் இறந்தார்கள். அவர் மனச்சோர்வுக்குப் பிறகு 2009 முதல் நிபந்தனைச் சான்றிதழோடு பறந்தவர் என்பதால், யாருக்குமே மறுவாய்ப்பு தரக் கூடாது என்று சிலர் வாதிடுகிறார்கள். நடந்ததை முழுதாகப் பார்க்க வேண்டும். நோய் திரும்பியதும் அவர் மருத்துவர்களைப் பார்த்தார். வேலைக்குத் தகுதியில்லை என்று சான்றும் எழுதித் தந்தார்கள். கிழிக்கப்பட்ட அந்தச் சான்றுகள் அவர் வீட்டில் கிடந்தன. நிறுவனத்திடம் அவரும் சொல்லவில்லை, மருத்துவர்களும் சொல்லவில்லை. உரிமம் போகும் பயம், அப்படிப் போனால் வருமானத்தை ஈடுகட்டக் காப்பீடு இல்லாமை, எப்போது ரகசியத்தை உடைக்கலாம் என்பதில் மருத்துவர்களுக்குத் தெளிவான வழிகாட்டுதல் இல்லாமை என மூன்றையும் பிரெஞ்சு விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. தண்டனையைக் கூட்டினால் சான்றுகளைக் கிழிப்பவர்கள் கூடுவார்கள். மனச்சோர்வு உள்ள விமானிகள் ஏற்கெனவே பறந்துகொண்டுதான் இருந்தார்கள்; சிகிச்சையோடு பறப்பதா, இல்லாமல் பறப்பதா என்பதே நம் முன் உள்ள தேர்வு.

பரிசோதனை

மனச்சோர்வைக் கண்டறிய முதலில் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள். தேவைப்பட்டால் தைராய்டு, இரத்தசோகை இரத்தப் பரிசோதனை.

கெஞ்சிக் கேட்கிறேன்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பிடித்தது எதிலும் மனம் ஒட்டாமல், பிள்ளைகளிடம் காரணமின்றி எரிந்து விழுந்தால், அடுத்த மருத்துவச் சான்று வரை காத்திருக்காதீர்கள். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றே வாருங்கள், வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் பயம் வேண்டாம். மனைவிமார்களே, பெற்றோர்களே, "உனக்கென்ன குறை, கை நிறையச் சம்பளம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், கிளினிக்குக்குக் கூடவே வாருங்கள்.

விமான நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சக விமானியிடமே மனம் விட்டுப் பேசும் ஆதரவுத் திட்டத்தை ஐரோப்பா 2021 பிப்ரவரியில் கட்டாயமாக்கியது. அதை இங்கும் முழு மனத்தோடு நடத்துங்கள். சிகிச்சைக் காலத்தில் வருமானத்துக்கு உத்தரவாதம் கொடுங்கள். அதுவரை, மனம் கனக்கும் எவரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.